ஆண்டை எண்ணும் சட்டமும் முறிந்த சுருள்வில்லும்

இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டுக்கான ஒரு கார் பதிவாகிச் சாலைக்கு வந்த பிறகு, அதன் அடிப்பகுதியை அரசின் சார்பில் ஒருவர் குனிந்து பார்க்க வேண்டிய முதல் நாள் 15 ஆண்டுகள் கழித்தே வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் அத்தகைய வாகனத்துக்கு 15 ஆண்டுப் பதிவை வழங்குகிறது. அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதித்துப் புதுப்பிக்கச் சொல்கிறது. வண்டியின் உடல்நிலை குறித்து இடையில் கேட்கப்படும் சான்று புகைச் சான்று ஒன்றே. அது புகைக்குழாயின் வாயை மட்டும் முகர்ந்து பார்க்கிறது. சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே நின்று சுமையைத் தாங்கும் ஸ்பிரிங் முழுதாக இருக்கிறதா, இரண்டாக முறிந்து கிடக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

சுருள்வில் நாட்காட்டியைப் பார்த்து முறிவதில்லை. கடற்கரை நகரம் ஒன்றில் ஏழாம் ஆண்டிலேயே முறியலாம். வறண்ட ஊரில், நிதானமாக ஓட்டப்பட்ட வண்டியில், இருபதாம் ஆண்டிலும் திடமாக இருக்கலாம். ஆனால் பழைய வாகனங்களைப் பற்றிய இந்தியப் பொது விவாதம் முழுவதும் ஆண்டுக் கணக்கிலேயே நடக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் பிறப்பித்த ஆணைகள் தில்லி வட்டாரத்தில் டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என எல்லை வகுத்தன. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலையில் அவ்வண்டிகளுக்கு எரிபொருளே வழங்கக் கூடாது என்ற ஏற்பாடு தில்லியில் தொடங்கிச் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. கொல்கத்தாவில் 15 ஆண்டு கடந்த வணிக வாகனங்களை அகற்ற உயர் நீதிமன்றம் 2008இல் ஆணையிட்டது. மும்பை டாக்சிக்கு 20 ஆண்டு. இவற்றில் காற்று மாசு என்ற காரணம் உண்மையானது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எனினும் "பழைய வண்டி ஆபத்தானது" என்ற இரண்டாவது வாதமும் அதே மூச்சில் சேர்த்துச் சொல்லப்படுகிறது. அந்த வாதத்தை ஒரு சுருள்வில்லின் மேல் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு நிற்கிறது என்பது புலப்படும்.

முதலில் ஒரு பரவலான பிழையை விலக்க வேண்டும். பழைய காரின் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் "ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, மென்மையாகிவிட்டது" என்பார்கள். தாழ்ந்தது உண்மை, மென்மையானது உண்மையன்று. ஒரு சுருள்வில்லின் மாறிலி கம்பியின் விட்டம், சுருளின் விட்டம், இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை, உலோகத்தின் விறைப்புக் குணகம் ஆகியவற்றால் முடிவாகிறது. எஃகின் விறைப்புக் குணகம் சுமார் 80 கிகாபாஸ்கல். ஆண்டுகள் ஓடினாலும் அது மாறுவதில்லை. பல்லாண்டு அழுத்தத்தில் சுருள்வில் இழப்பது தன் உயரத்தை. நிரந்தரமாகச் சிறிது அமுங்கிவிடுகிறது, அவ்வளவே. ஆனால் அந்த 20, 25 மில்லிமீட்டர் இழப்பு சக்கரம் மேலெழுவதற்கு இருந்த இடத்தை அப்படியே குறைத்துவிடுகிறது. அடுத்த பள்ளத்தில் ரப்பர் முட்டுக்கட்டையின் மேல் வண்டி இடிக்கிறது. அந்த இடி உடல் சட்டத்துக்குப் போகிறது. சக்கரத்தின் சாய்வு மாறி டயர் ஓரமாகத் தேய்கிறது. முகப்பு விளக்கின் ஒளி ஒரு பக்கம் தரையையும் மறுபக்கம் எதிரே வருபவரின் கண்ணையும் தேடுகிறது. வண்டி ஊஞ்சல்போல் ஆடினால் அது வேறு நோய். அதற்குப் பொறுப்பு ஷாக் அப்சார்பர். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, தாழ்ந்த வண்டிக்கு ஷாக் அப்சார்பரும் ஆடும் வண்டிக்கு ஸ்பிரிங்கும் மாற்றிப் பணத்தை இறைப்பவர்கள் ஏராளம்.

முறிவு இன்னொரு கதை. சுருளின் கடைசிச் சுற்று இருக்கையில் அமரும் இடத்தில் மணலும் சேறும் தேங்கும். பூச்சு உரியும். துரு ஒரு சிறு குழியை அரிக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் தகைவு அந்தக் குழியின் அடியில் குவியும். ஒருநாள் கம்பி பிளக்கும். ஒரு சுற்றுக்கும் குறைவான துண்டு கீழே உடைந்து விழுந்தும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் இதன் தந்திரம். ஓட்டுநருக்கு ஒரு "டங்" ஒலி கேட்கும், கொஞ்சம் சாய்வு தெரியும். உடைந்த கம்பியின் கூரிய முனை டயரின் பக்கச் சுவரிலிருந்து சில விரற்கடைத் தொலைவிலேயே நிற்கும். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் சோதனையில் முறிந்த சுருள்வில் ஒன்று கண்ணில் பட்டால் வண்டி தேறாது. இந்தியாவில் அதைப் பார்ப்பவர் பஞ்சர் ஒட்டுபவர், அதுவும் தற்செயலாக.

இனி அம்பாசிடருக்கு வரலாம். 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உருவான அந்த வண்டியின் பின்னச்சு பட்டைவில்லின் மேல் நின்றது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அது பட்டை; வடக்கே நெடுஞ்சாலை ஓரப் பலகைகளில் கமானி. ஒன்றன்மேல் ஒன்றாக நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகளின் அடுக்கு. அதன் பெருஞ்சிறப்பு அது பிரிக்கக்கூடியது என்பதே. யு போல்ட்டைக் கழற்றி, நடு போல்ட்டை எடுத்தால் அடுக்கு தனித்தனியாக விரியும். ஐந்தாவது பட்டை முறிந்திருந்தால் ஐந்தாவது பட்டையை மட்டும் மாற்றலாம். வளைவு தட்டையாகிவிட்டால் மீண்டும் வளைக்கலாம். அதைச் செய்யக் கொல்லனின் கை போதும். (பழைய லாரிப் பட்டை அரிவாளாக மறுபிறவி எடுப்பதும் இந்தக் கைத்தொடர்ச்சியால்தான், நல்ல எஃகு என்பதைப் பட்டறைக்கு யாரும் ஆய்வுக்கூடச் சான்று காட்டிச் சொல்ல வேண்டியதில்லை.)

அந்த வேலையிலும் தரமானது, தரமற்றது என்று உண்டு. முறையாகச் செய்தால் பட்டையைச் சுமார் 850, 900 பாகை செல்சியஸுக்குச் சூடேற்றி வளைத்து, எண்ணெயில் குளிரவைத்து, மீண்டும் 450, 500 பாகையில் பதப்படுத்த வேண்டும். குளிர்ந்த பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைப்பது விரைவான வழி. வண்டி அன்று மாலையே நிமிர்ந்து நிற்கும்; சில மாதங்களில் மறுபடியும் படுத்துவிடும். அம்பாசிடரைப் பொறுத்தவரை இது வெறும் சவாரிச் சுகத்தைப் பற்றியது அன்று. அதன் பின்னச்சை முன்பின் நகராமல் பிடித்திருப்பதும் அதே பட்டைதான். கண் வளையத்தை அடுத்து முதன்மைப் பட்டை முறிந்தால் அச்சே இடம் பெயரும். முன்புறத்தில் இருப்பது முறுக்குத் தண்டு. அது அமுங்கினாலும் பொருத்தும் நிலையை மாற்றி உயரத்தை மீட்க முடியும். வலது தண்டை இடப்பக்கம் மாட்டக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு திசை முறுக்குக்கே பழக்கப்பட்ட எஃகு எதிர்த்திசையில் அதே ஆயுளைத் தராது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பின்னாளில் நாடெங்கும் பரவிய அதன் வடிவத்தில் நான்கு சக்கரங்களும் சுருள்வில்லின் மேல் நின்றன. எடை குறைவு, இடம் குறைவு, பட்டைகளுக்கிடையே உராய்வு இல்லை, சவாரி மென்மை. பொறியியல் நோக்கில் இது தெளிவான முன்னேற்றம். ஆனால் பழுது பார்க்கும் பொருளாதாரத்தில் அன்று ஒரு கதவு ஓசையின்றி மூடியது. சுருள்வில்லைப் பிரிக்க முடியாது. பாதியை மாற்ற முடியாது. முறிந்ததைப் பற்றவைத்தால் பற்றின் ஓரத்திலேயே அடுத்த முறிவு தொடங்கும். அமுங்கியதைச் சூடேற்றி இழுத்தால் அதன் பதம் போய்விடும். ஆலையில் சிறு எஃகுக் குண்டுகளைப் பொழிந்து மேற்பரப்பில் உருவாக்கிய காப்புத் தகைவும் அழிந்துவிடும். அதைப் பொறுத்தவரை பழுது பார்த்தல் என்ற சொல்லுக்கு மாற்றுதல் என்ற ஒரே பொருள்தான். கொல்லனிடமிருந்து உதிரிபாகக் கடையின் மேசைக்கு அதிகாரம் இடம் மாறியது. மேசையில் பொருள் இருக்கும்வரை இந்த மாற்றம் யாருக்கும் உறைக்கவில்லை.

இந்த வேறுபாட்டைத்தான் "ஜுகாட்" என்ற சொல்லைக் கொண்டாடும் எழுத்துகள் அழித்துவிடுகின்றன. 2012இல் ராஜூ, பிரபு, அஹுஜா மூவரும் எழுதிய நூலுக்குப் பின் மேலாண்மைப் பள்ளிகளில் இச்சொல் இந்திய அறிவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இருப்பதைக் கொண்டு சமாளிப்பவன் புதுமையாளன் என்ற பாராட்டு கேட்க இனிமையானது. பட்டைவில்லை வளைப்பவரும், சுருள்வில்லின் சுற்றுகளுக்கிடையே ரப்பர் வளையத்தைச் செருகுபவரும் அந்தப் பாராட்டில் ஒன்றாகிவிடுகிறார்கள். முன்னவர் செய்வது தலைமுறைகளாகக் கைமாறிய உலோகவியல். பின்னவர் செய்வது பொருள் கிடைக்காததன் விளைவு.

ரப்பர் வளையத்தை இங்கே சற்று நின்று பார்க்கலாம்; அது இன்று எல்லா ஊர்களிலும் விற்கிறது. செருகிய இடத்தில் சுற்றுகள் அசையாமல் பூட்டப்படுகின்றன. இயங்கும் சுற்றுகள் குறைந்தால் மாறிலி கூடும், வண்டி நிமிரும், உரிமையாளர் மகிழ்வார். அதே பள்ளத்தில் அதே அளவு சக்கரம் மேலெழும்போது மிச்சமுள்ள சுற்றுகள் முன்னைவிடக் கூடுதலாக முறுக்கப்படுகின்றன என்பதை அவர் காண்பதில்லை. ஏற்கெனவே துருக்குழி உள்ள பழைய சுருளில் இதைச் செய்வது முறிவை முன்தேதியிட்டு அழைப்பதாகும். இதைப் புதுமை என்று எழுதும் கட்டுரையாளர் அந்த வண்டியில் குடும்பத்தோடு மலைப்பாதையில் இறங்குவாரா என்பது கேட்கத்தக்க கேள்வி.

தொழில்நுட்ப வரலாற்றில் டேவிட் எட்ஜர்டன் 2006இலும், ஸ்டீவன் ஜாக்சன் 2014இலும் கண்டுபிடிப்பிலிருந்து பார்வையைத் திருப்பிப் பயன்பாட்டிலும் பழுதிலும் வைக்கச் சொன்னார்கள். அந்தத் திருப்பம் இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் நல்ல ஆய்வுகளுக்கு வழிவிட்டிருக்கிறது. இருந்தும் பழுது பார்ப்பவரின் திறமையை எழுதும் அளவுக்கு, அவருக்கு எந்தப் பொருளும் எந்தத் தகவலும் மறுக்கப்படுகின்றன என்பதை எழுதுவதில்லை. சுருள்வில்லின் விடயத்தில் மறுக்கப்படுவது மிகச் சிறியது. கம்பியின் விட்டம், சுருளின் சராசரி விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, சுமையற்ற உயரம், குறிப்பிட்ட சுமையில் உயரம் ஆகிய ஐந்து எண்கள். இவற்றோடு எஃகின் வகையும் தெரிந்தால் ஒழுங்கான எந்த ஸ்பிரிங் தொழிற்கூடமும் அதை மறுபடி உருவாக்கிவிடும். இன்று அந்த எண்கள் பெரும்பாலும் சுருளின் மேல் தீட்டிய ஒரு வண்ணப் புள்ளியாகவே சாலைக்கு வருகின்றன. ஒரே மாதிரிக் காரில் இயந்திரத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் ஏற்ப வெவ்வேறு வண்ணங்கள் இருக்கும். சில மழைக்காலங்களில் புள்ளி அழியும். அதோடு தகவலும் போகும்.

கம்பியின் விட்டத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் என்ன ஆகும்? மாறிலி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 10 விழுக்காடு மெல்லிய கம்பியில் செய்தால் விறைப்பு ஏறத்தாழ 34 விழுக்காடு விழும். "பார்க்க அதே மாதிரிதான் இருக்கிறது" என்று பழைய வண்டிச் சந்தையில் வாங்கிய சுருளால் வண்டி ஒருபுறம் சாய்வதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. தில்லி மாயாபுரி, கொல்கத்தா மல்லிக் பஜார், சென்னை புதுப்பேட்டை ஆகியவற்றின் பயனை மறுக்க முடியாது. கதவும் கண்ணாடியும் கியர்பெட்டியும் அங்கே கிடைப்பது பெரும் சேமிப்பு. சுருள்வில் அந்தப் பட்டியலில் சேராது. வெளியே தெரியாமல் சோர்வைச் சேமித்து வைத்திருக்கும் பொருள் அது. எத்தனை இலட்சம் முறை அமுங்கி எழுந்தது என்பதை அதன் முகம் சொல்லாது. இதே காரணத்தால்தான் ஒரு பக்கம் முறிந்தால் அதே அச்சின் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே சாலையில் ஒரே காலம் உழைத்தவை. பல மெக்கானிக்குகளுக்கு இது தெரியும். "ஒன்று போதும்" என்று வற்புறுத்துவது பெரும்பாலும் வண்டிக்காரர்.

சட்டம் இந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களைத் திறந்த சந்தைக்கு விடாமல், தங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் வழியாக மட்டுமே விற்றது குற்றம் என்று கண்டது. அவற்றைத் தயாரித்துத் தரும் சிறு நிறுவனங்கள் நேரடியாக விற்கத் தடை இருக்கக் கூடாது என்றும் பணித்தது. அந்த 14இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் ஒன்று. அம்பாசிடர் உற்பத்தி நின்றதும் அதே ஆண்டில். வழக்கு மேல்முறையீடுகளுக்குள் சென்றது. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக அமைத்த குழு வாகனத் துறையையும் தன் வரம்பில் சேர்த்துக்கொண்டது. இரண்டுமே வரவேற்கத்தக்கவை. ஆனால் இரண்டும் உற்பத்தியில் இருக்கும் பொருளை யார் விற்கலாம் என்ற கேள்வியையே மையமாகக் கொண்டவை. உற்பத்தி நின்ற வண்டியின் சுருள்வில் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி கேட்பாரின்றிக் கிடக்கிறது. மாருதி 800 கடைசியாக உருவானது 2014 ஜனவரியில். அதன் கடைசி வண்டிக்கு 15 ஆண்டுப் பதிவு முடிவதே 2029இல். அதற்கு மேலும் 5 ஆண்டு புதுப்பிக்கச் சட்டமே இடம் தருகிறது. ஓட அனுமதிக்கும் காலம் முழுவதும் உறுப்பு கிடைக்க வேண்டும் என்பது மிகையான கோரிக்கை அன்று. அவ்வளவு காலம் இருப்பு வைக்க முடியாது என்று நிறுவனம் சொன்னால், உற்பத்தியை நிறுத்தும் நாளில் அந்த ஐந்து எண்களைப் பொதுவில் வைத்துவிட்டுப் போகலாம். அதில் வணிக இரகசியம் எதுவுமில்லை. ஒரு சுருள்வில்லையும் அளவுகோலையும் வைத்திருக்கும் போட்டி நிறுவனம் எப்போதோ அளந்திருக்கும்.

அரசு இதுவரை தேர்ந்தெடுத்திருக்கும் வழி வேறு. 2022 ஏப்ரலில் சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. கட்டணம் செலுத்தியவரின் சுருள்வில் அதனால் வலுப்பெறுவதில்லை. மாறாக, அச்சுக்கு ஒரு சோடி மாற்ற ஒதுக்கியிருந்த பணம் அலுவலகச் சாளரத்தில் கரைகிறது. பழைய காரை வைத்திருப்பவர் எல்லாரும் பழம்பொருள் ஆர்வலர் என்று எண்ணுவது தில்லிக் கூட்ட அரங்குகளின் மயக்கம். சிற்றூர்களில் பெரும்பாலோருக்கு அது ஒருவர் கைவிட்டு இரண்டாவது, மூன்றாவதாக வாங்கிய முதல் கார்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. இடையில், ஏழாம் ஆண்டிலோ எட்டாம் ஆண்டிலோ, பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் மட்டும் பார்க்கும் ஒரு கட்டாயச் சோதனை வைத்தால், அது தரகருக்கும் கையூட்டுக்கும் இன்னொரு வாசலைத் திறக்கும் என்பார்கள். போக்குவரத்து அலுவலகங்களை அறிந்த எவரும் இதைச் சிரித்துத் தள்ளிவிட மாட்டார்கள். 2021 செப்டம்பரில் வந்த தானியங்கிச் சோதனை நிலைய விதிகளின் நோக்கமே மனிதக் கையெழுத்தின் பங்கைக் குறைப்பதுதான். அந்நிலையங்கள் பரவும்வரை காத்திருக்கலாம் என்பதும் ஒரு நிலைப்பாடு. ஆனால் ஊழலுக்கு அஞ்சி 15 ஆண்டுகள் எதையும் பாராதிருந்து, பதினாறாம் ஆண்டில் வண்டியையே குற்றவாளியாக நிறுத்துவது அந்த அச்சத்துக்குச் சரியான மருந்தாகத் தெரியவில்லை. வண்டியை மேலேற்றி, நான்கு சுருள்களின் கீழ்ச்சுற்றிலும் விளக்கடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒளிப்படம் எடுத்துப் பதிவேட்டில் இணைத்துவிட்டால் "பார்த்தேன்" என்று பொய் சொல்வதும் கடினமாகும்.

இவ்வளவும் வண்டியைப் பற்றியது. மாற்றுபவரின் உடலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முன்சக்கரச் சுருளைக் கழற்ற அதை முதலில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் மாறிலியுள்ள ஒரு சாதாரணச் சுருளை 150 மில்லிமீட்டர் அமுக்கினால் அதனுள் 225 ஜூல் ஆற்றல் அடைபடும். 23 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பிடி நழுவினால் அது முழுவதும் ஒரு நொடியின் சிறு துளியில், முகத்துக்கு நேராக வெளியேறும். இதற்கென்று அமுக்கிக் கருவி உண்டு. அதுவும் தேய்ந்த மரைகளோடு ஆண்டுக்கணக்கில் சுழலும் பொருள்தான். பல சாலையோரப் பட்டறைகளில் கயிறும் கம்பியும் ஒரு சிறுவனின் காலும் அந்த வேலையைச் செய்கின்றன. சுவரில் பொருத்திய பாதுகாப்புக் கூண்டுள்ள அமுக்கி ஒன்றைப் பத்துப் பட்டறைகள் சேர்ந்து வாங்கிப் பயன்படுத்த மானியம் தருவதற்கு, புதுப்பிப்புக் கட்டணத்தில் கூடுதலாக வசூலாகும் 4,400 ரூபாயில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே போதும்.